முதுசமாக வரும் நோய்: உறவினருக்குச் சொல்லுதல் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

தமிழியல் ஆய்விதழ் ஒன்றிலே புற்றுநோய் பற்றிய கட்டுரை இடம்பெறுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். நோயின் காரணங்களையும் சிகிச்சையையும் எடுத்துரைக்க வேண்டியவர்கள் வைத்திய அறிஞர்களே என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், பரம்பரையாக வரும் புற்றுநோயைப் பொறுத்தவரை ஆய்வுகூடத்தின் வேலை முடிகின்ற இடத்திலே வேறொரு வேலை தொடங்குகின்றது. நோயுற்றவர் தம் உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் தாயின் தமக்கைக்கும் தந்தையின் தங்கைக்கும் “இது எனக்கு மட்டும் உரிய நோயன்று, உங்களுக்கும் வரலாம்” என்று சொல்ல வேண்டியவராகின்றார். இச்சொல் எந்த மொழியிற் சொல்லப்படுகின்றது, எந்த உறவுப் பெயரால் விளித்துச் சொல்லப்படுகின்றது, யாருக்குச் சொல்லப்படாது விடப்படுகின்றது, ஏன் விடப்படுகின்றது என்னும் வினாக்கள் மொழியையும் சமூக அமைப்பையும் பயில்வோருக்கு உரியன. இவற்றைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது நோக்கிற்கு ஒரு களம் வேண்டும். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, புல்மோட்டை வீதியிலே ஏறத்தாழ 34 கிலோமீற்றர் தூரத்திலுள்ள குச்சவெளியை அதற்கென எடுத்துக்கொள்கிறோம். அங்கு இந்நோய் பிற இடங்களைவிட மிகுந்திருக்கின்றது என்பது எமது கருத்தன்று. கடலையும் வயலையும் நம்பி வாழும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வசிக்கும் கரையோரப் பிரதேசம் அது. 1980களிலிருந்து போரினாலே பலமுறை இடம்பெயர்ந்து, 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையாலே தாக்குண்டு, உறவினர் பல திசைகளிலே சிதறிய ஒரு சமூகம் அங்கு வாழ்கின்றது. உறவினருக்குச் சொல்லுதல் எவ்வளவு இன்றியமையாததோ அவ்வளவு கடினமானதாகவும் இருக்கும் இடங்களுக்கு அது நல்லதோர் எடுத்துக்காட்டு.

2

முதலில் நோயின் தன்மையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கலங்களின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பரம்பரையலகுகளில் ஏற்படும் விகாரங்களாலேயே புற்றுநோய் தோன்றுகின்றது. இவ்விகாரங்களுட் பெரும்பாலானவை வாழ்நாளிலே நேர்பவை. புகையிலை, சில வைரசுக்கள், கதிர்வீச்சு, முதுமை, கலம் பிரியும்போது நேரும் தற்செயலான பிழை என்பன இவற்றிற்குக் காரணமாகலாம். இவை பிள்ளைகளைச் சென்றடைவதில்லை. எனினும், புற்றுநோய்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து முதற் பத்து வரையானவை, பெற்றோரிடமிருந்து கருவிலேயே பெற்றுக்கொண்ட ஒரு விகாரத்தினை அடிப்படையாகக் கொண்டவை.

இவ்வேறுபாட்டினை விளக்குவதற்கு எம்மிடையே பழகிய சொற்களே உள. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமை, சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கும். முன்னோர் வழியாக வருவது முதுசம். மணவாழ்வின்போது ஈட்டியது தேடியதேட்டம். புற்றுநோய்களுட் பெரும்பகுதி தேடியதேட்டம் போன்றது. சிறுபகுதியே முதுசம் போன்றது. அமெரிக்க வைத்தியரான அல்பிரட் நுட்சன் 1971இல் வெளியிட்ட கருத்து இவ்விரண்டையும் இணைக்கின்றது. ஒரு பரம்பரையலகின் இரு பிரதிகளும் கெட்டாலே கலம் கட்டுமீறும். ஒன்று முதுசமாகவே கெட்டு வந்தவருக்கு இன்னொன்று வாழ்நாளிற் கெட்டால் போதுமானது. எனவேதான் அத்தகையோரிடம் நோய் இளவயதிலும், சில வேளைகளில் இரு மார்பகங்களிலும் அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளிலும் தோன்றுகின்றது. முதுசமாக வருவது நோயன்று, நோய்க்கான வாய்ப்பே என்பதும் இதனாற் புலனாகும்.

இவ்வகையில் இருவகை முதுசங்கள் நன்கறியப்பட்டவை. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 எனும் பரம்பரையலகுகளின் விகாரம் மார்பகம், சூலகம் ஆகியவற்றிற் புற்றுநோய்க்கான வாய்ப்பை உயர்த்தும். பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட கணிப்பின்படி, பி.ஆர்.சி.ஏ.1 விகாரமுடைய பெண்ணுக்கு எண்பது வயதிற்குள் மார்பகப் புற்று ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு 72. சூலகப் புற்று ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு 44. பி.ஆர்.சி.ஏ.2 விகாரமாயின் முறையே 69, 17. அவ்விகாரமுள்ள ஆண்களுக்கும் புரஸ்தச் சுரப்பி, மார்பகம் ஆகியவற்றிற் புற்றுநோய் வாய்ப்பு உயரும். மற்றது ‘லிஞ்ச்’ நோய்க்குறித் தொகுதி எனப்படுவது. இது பெருங்குடல், கருப்பை ஆகிய உறுப்புகளைச் சாரும். இரண்டிலும் விகாரமுள்ள தாயோ தந்தையோ அதனை ஒவ்வொரு பிள்ளைக்கும் கடத்தும் வாய்ப்புச் சரிபாதியாகும். ஆண், பெண் என்ற வேறுபாடு இதிலே கிடையாது.

3

இவ்வறிவின் வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை துலாம்பரமாகின்றது. பரம்பரைப் புற்றுநோய் பற்றிய அறிவு ஆய்வுகூடத்திலே பிறந்ததன்று. குடும்பங்களின் நினைவிலே பிறந்தது. பிரெஞ்சு வைத்தியரான போல் புரோக்கா 1866இல் தம் மனைவியின் குடும்பத்திலே பல தலைமுறைகளாகப் பெண்கள் மார்பகப் புற்றினால் மாண்டமையைப் பதிவுசெய்தார். இதனிலும் முக்கியமானது 1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபர் நகரிலே நிகழ்ந்தது. அங்கு தையல்வேலை செய்து சீவித்த ஒரு பெண், நோயியற் பேராசிரியரான ஓல்ட்றெட் ஸ்கொட் வார்த்தினிடம், தன் குடும்பத்தார் பலரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து இறந்தனர் என்றும் தானும் அவ்வாறே இறக்கக்கூடும் என்றும் கூறினார். அவர் அஞ்சியவாறே பின்னர் கருப்பைப் புற்றினால் மாண்டார். அவர் தந்த விவரங்களைக் கொண்டு ஜேர்மனியிலிருந்து குடியேறிய அக்குடும்பத்தின் வரலாற்றை வார்த்தின் 1913இல் வெளியிட்டார். வைத்திய உலகம் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. நெப்றாஸ்காவைச் சேர்ந்த ஹென்றி லிஞ்ச் 1960களில் இவ்வாய்வை மீட்டெடுத்து, 1971இல் அதே குடும்பத்தை மீண்டும் ஆராய்ந்து எழுதினார். 2000ஆம் ஆண்டிலே அக்குடும்பத்தின் விகாரம் எம்.எஸ்.எச்.2 எனும் பரம்பரையலகில் இருப்பது கண்டறியப்பட்டது. 2005இல் எழுதப்பட்ட ஆய்வு அக்குடும்பத்தின் வழித்தோன்றல்களை 929 பேராகக் கணித்தது.

கூலிக்குத் தைத்துக் கொடுத்த ஒரு பெண்ணின் நினைவு நூறாண்டு கழித்து மூலக்கூற்று உயிரியலால் உறுதிப்படுத்தப்பட்டது. நோய்க்கோ வார்த்தின், லிஞ்ச் ஆகியோரின் பெயர்கள் வழங்கலாயின. உழைக்கும் மக்களின் அறிவு கல்வியாளர் கையிற் சென்றதும் உரியவரின் பெயர் மறைந்துபோவதற்கு இலக்கிய வரலாற்றிலும் நாம் உதாரணங்கள் காட்டலாம். நாட்டார் பாடலைத் தொகுத்தவர் பெயர் நிற்க, பாடியவர் பெயர் மறைந்த கதை அது.

4

குடும்ப நினைவே முதற் சான்று எனின், அந்நினைவு எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது என்று வினவவேண்டும். நினைவு உறவுப் பெயர்களினூடாகவே இயங்குகின்றது. லூயிஸ் ஹென்றி மோர்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்விலே தமிழரின் உறவுப் பெயர்கள் முக்கிய இடம் பெறுகின்றன. அமெரிக்க இரொக்குவா மக்களின் உறவுமுறைக்கும் தென்னிந்தியத் தமிழரின் உறவுமுறைக்குமுள்ள ஒற்றுமையை ஏங்கெல்ஸ் 1884இல் எழுதிய குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலில் எடுத்தாண்டமை மார்க்சிய வாசகர் அறிந்ததே. உறவுப் பெயர்கள் குருதித் தொடர்பை மட்டும் குறிப்பனவல்ல. யாரை மணக்கலாம், யாரை மணக்கலாகாது, யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்னும் சமூக உறவுகளையே அவை முதன்மையாகக் குறிக்கின்றன.

இதனை நோய் பற்றிய விசாரணையோடு பொருத்திப் பார்ப்போம். “உங்கள் மாமிக்குப் புற்றுநோய் இருந்ததா?” என்று வைத்தியர் வினவுவதாகக் கொள்வோம். தந்தையின் உடன்பிறந்தாளும் மாமி; தாய்மாமனின் மனைவியும் மாமி; கணவனின் தாயும் மாமி. முதலாமவர் நெருங்கிய குருதியுறவினர். ஏனைய இருவரும், சொந்தத்துள் மணம் நிகழ்ந்திராவிடின், குருதித் தொடர்பற்றவர். ‘சின்னம்மா’ என்பது தாயின் தங்கையையும் குறிக்கும், சிற்றப்பனின் மனைவியையும் குறிக்கும். முஸ்லிம் குடும்பங்களில் வழங்கும் ‘சாச்சி’ என்ற சொல்லின் நிலையும் இதுவே. பெரியம்மாவின் மகளை ‘அக்கா’ என்றே அழைக்கிறோம். அவரைக் கூடப்பிறந்த அக்காவென வைத்தியர் குறித்துக்கொண்டால் கணிப்புப் பிழைத்துவிடும். அதே வேளை அம்மம்மா, அப்பம்மா, அம்மப்பா, அப்பப்பா எனத் தாய்வழியையும் தந்தைவழியையும் பிரித்துக் கூறும் ஈழத்து வழக்கு இவ்விசாரணைக்குப் பெரிதும் துணைபுரிவது.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. தாயின் தமக்கையும் தங்கையும் ‘அம்மா’ என்னும் வகுப்பிலே சேர்க்கப்பட, தந்தையின் உடன்பிறந்தாளோ மணவுறவுப் பக்கத்திலே வைக்கப்படுகின்றார். கிழக்கிலங்கையில், சிறப்பாக மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலே, தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் ‘குடி’ தாய்வழியாகவே கணிக்கப்படுகின்றது. வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்து மருமகனை அவ்வீட்டிற்கு அழைத்துக்கொள்ளும் வழக்கமும் கிழக்குக் கரையிலே பரவலாக உண்டு. பெண்கள் தாயோடும் சகோதரிகளோடும் அடுத்தடுத்து வாழும் இவ்வமைப்பிலே, தாய்வழிப் பெண்களின் நோயும் சாவும் நன்கு நினைவிருக்கும்; தந்தைவழிப் பெண்களின் நோய் காதுக்கெட்டிய செய்தியாகவே நின்றுவிடும். மார்பகமும் சூலகமும் பெண்ணுறுப்புகளாதலால் நோயும் தாய்வழியிலேயே வரும் என்னும் எண்ணம் இதனால் மேலும் வலுப்பெறுகின்றது. உண்மையிலோ இவ்விகாரங்களுட் பாதி தந்தைவழியிலேயே வருகின்றன. தந்தை நோயின்றி வாழ்ந்து முடிந்திருக்க, அவருடைய சகோதரி சூலகப் புற்றினால் மாண்டிருக்கலாம். அந்த மாமியின் சாவே மகளுக்கான முதல் எச்சரிக்கை.

மச்சான், மச்சாள் முறையில் நடைபெறும் மணங்களையும் இங்கு கருதவேண்டும். தந்தையின் சகோதரி மகனை மணக்கும் பெண்ணும் அவள் கணவனும் ஒரே விகாரத்தைக் கொண்டிருக்க இடமுண்டு. இருவரும் கொண்டிருந்தால், பிள்ளையொன்று இரு கெட்ட பிரதிகளையும் பெறும் வாய்ப்பு நான்கிலொன்று. பி.ஆர்.சி.ஏ.2 ஆயின் அது ‘பன்கோனி’ எனும் கடுங் குருதிச்சோகையாகவும், லிஞ்ச் தொகுதிக்குரிய பரம்பரையலகுகளாயின் சிறுவயதுப் புற்றுநோயாகவும் வெளிப்படலாம். எனவே மணவுறவுப் பக்கத்தார் என ஒதுக்கப்படுபவர்களே சில குடும்பங்களில் முதலிற் சொல்லப்பட வேண்டியவர்களாகின்றனர்.

5

ஆயின் மக்கள் ஏன் சொல்லாது விடுகின்றனர்? அறியாமை, மூடநம்பிக்கை, தலைவிதிக் கொள்கை என்று கூறி அமைவது மேலோட்டமான விடையாகும். கருத்துநிலைக்கு ஒரு பொருளியல் அடித்தளம் உண்டு.

முதலாவது மணச்சந்தை. பெண்ணின் சீதனம், குடும்பத்தின் பெயர், உடலின் நலம் என்பன பேரம்பேசப்படும் சமூகத்தில், “அக்குடும்பத்திலே அந்த வருத்தம் இருக்கின்றது” என்னும் பேச்சு மூன்று நான்கு பெண்களின் வாழ்வைப் பாதிக்கும். புற்றுநோயின் பெயரைச் சொல்லாது ‘வருத்தம்’ என்றும் ‘வயிற்றிலே கட்டி’ என்றும் கூறிவிடும் தாயை அறியாமையுடையவள் என்று நாம் சொல்லிவிட முடியாது. தன் மகளின் நிலையை அவள் துல்லியமாகக் கணித்தே பேசுகின்றாள். நம் ஒப்பாரிகள் இறந்தவரின் உறவுகளை வரிசைப்படுத்தி அழைக்கும். நோயின் பெயரையோ அரிதாகவே சொல்லும். இம்மௌனம் தலைமுறைகளைக் கடக்கும்போது, சூலகப் புற்றினால் மாண்ட அப்பம்மா ‘வயிற்று வருத்தத்தால்’ மாண்டவராகிவிடுகின்றார். சான்று அழிந்துபோகின்றது.

இரண்டாவது போரும் இடப்பெயர்வும். குச்சவெளியிலே நாற்பத்திரண்டு வயதான ஒரு பெண்ணை உதாரணத்திற்காகக் கற்பனை செய்வோம். மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற அவளிடம் பி.ஆர்.சி.ஏ.1 விகாரம் இருப்பது தெரியவருகின்றது. தந்தை கடற்றொழிலாளி, போர்க்காலத்திலே காணாமலாக்கப்பட்டவர். தந்தையின் தங்கை 1990இல் இராமேசுவரம் சென்று தமிழ்நாட்டு முகாமொன்றில் வாழ்பவர். தாய் இறந்துவிட்டாள், பெரியம்மாவின் பெண்மக்கள் முல்லைத்தீவில். தம்பி ரொறன்ரோவில். குடும்பத்தின் பழைய கிளினிக் கொப்பிகளை ஆழிப்பேரலை கொண்டுபோய்விட்டது. விகாரம் எவ்வழி வந்தது என்று தெரியாதவிடத்து அவள் இரு வழியினருக்கும் சொல்லியாக வேண்டும். தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு இரண்டிலொன்று, மாமிக்கு நான்கிலொன்று. தந்தைவழி என்று உறுதிப்பட்டால் மாமிக்கும் அது இரண்டிலொன்றாகும். காணாமற்போன தந்தை வெற்றிடமாக நிற்கும் வம்சப்படத்தை நிரப்பக்கூடியவர் கடலுக்கப்பால் இருக்கும் அந்த மாமி ஒருவரே.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவுகூர்தல் பொருந்தும். மார்பகப் புற்றுக்கான பரம்பரையலகு பதினேழாவது நிறமூர்த்தத்தில் உள்ளதென 1990இல் நிறுவிய மேரி-கிளெயர் கிங், 1984 முதல் ஆர்ஜென்டீனாவின் ‘பிளாசா டே மாயோ பாட்டிமார்’ இயக்கத்தோடு இணைந்து பணியாற்றியவர். இராணுவ ஆட்சி காணாமலாக்கியோரின் குழந்தைகளை அவர்தம் பாட்டிமாரோடு சேர்ப்பதற்கு அதே பிறப்புரிமையியலை அவர் பயன்படுத்தினார். சிதறடிக்கப்பட்ட உறவை அடையாளங் காணும் அறிவும் உறவினரை நோயிலிருந்து காக்கும் அறிவும் ஒரே வேரிற் கிளைத்தவை. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் இன்றும் வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் நாட்டிலே இதன் பொருள் விளக்கப்படவேண்டியதில்லை.

6

இவ்வறிவு யாருடைய உடைமை? முதலாளித்துவச் சட்டம் இரு விடைகளைத் தந்தது. ஒன்று கம்பனியின் உடைமை என்பது. பி.ஆர்.சி.ஏ.1 1994இலும் பி.ஆர்.சி.ஏ.2 1995இலும் அடையாளங் காணப்பட்ட பின்னர், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ‘மிரியட் ஜெனெற்றிக்ஸ்’ கம்பனி அவற்றின்மீது காப்புரிமை பெற்றது. அந்நாட்டிலே முழுப் பரிசோதனைக்கு 3,000 டொலருக்கு மேல் அறவிடப்பட்டது. எவர் உடலிலும் இயற்கையாக உள்ள ஒன்று வாடகைக்கு விடப்பட்டது. 2013 யூன் 13ஆந் திகதி, இயற்கையான டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்தமையால் மட்டும் அது காப்புரிமைக்கு உரியதாகாது என அமெரிக்க உயர்நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்த்தது. வைத்தியச் சங்கங்களும் நோயாளரும் பெண்களியக்கத்தினரும் சேர்ந்து நடத்திய வழக்கின் பேறு அது.

மற்றது தனிமனிதரின் அந்தரங்கம் என்பது. நோயாளியின் விருப்பின்றி வைத்தியர் எதனையும் வெளியிடலாகாது என்ற நெறி மதிக்கத்தக்கதே. ஆயினும் ஒருவரது விகாரம் அவருடையது மட்டுமன்று. 1995இல் அமெரிக்காவின் புளோரிடா உயர்நீதிமன்றம், நோயாளிக்கு அறிவுறுத்துவதோடு வைத்தியரின் கடமை நிறைவுறும் என்றது. அடுத்த ஆண்டில் நியூ ஜேர்சி நீதிமன்றமொன்று அது போதாமற் போகலாம் எனக் கருதியது. பிரான்சின் 2011ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழி கண்டது. உறவினருக்குச் சொல்லுதல் நோயாளியின் கடமை. அவர் தாமே சொல்ல விரும்பாவிடின், அவரது பெயரையோ நோயையோ குறிப்பிடாது வைத்தியர் உறவினருக்கு எழுதலாம். தென் அவுஸ்திரேலியாவிலே சேவையினரே உறவினருக்கு நேரடியாக மடல் எழுதியபோது, தம் நிலையை அறிந்துகொண்ட உறவினரின் பங்கு நூற்றுக்கு 23இலிருந்து 40ஆக உயர்ந்தது என 2006இல் வெளியான ஆய்வு காட்டிற்று. சொல்லும் சுமையைத் தனியொரு நோயாளிப் பெண்ணின் தலைமீது ஏற்றாது சமூகம் பகிர்ந்துகொள்ளும்போது அது நிறைவேறுகின்றது என்பதே இதன் பாடம்.

7

முற்போக்காளரிடமிருந்து எழக்கூடிய மறுப்புகள் இரண்டு. பரம்பரையை வலியுறுத்துவது இனமேம்பாட்டுக் கொள்கைக்கு வழிகோலும் என்பது முதலாவது. இவ்வச்சம் வீணானதன்று. வார்த்தினின் பிற்கால எழுத்துகளிலேயே அக்கொள்கையின் சாயல் உண்டு. 1933இல் நாசிகள் இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டம் அதன் கொடிய விளைவுகளுள் ஒன்று. ஆனால் விகாரங்கள் ‘தூய இனம்’ என்னும் எண்ணத்திற்கு எதிராகவே சாட்சி கூறுகின்றன. அஷ்கெனாசி யூதரிடையே மிகுதியாக அறியப்பட்ட ஒரு பி.ஆர்.சி.ஏ.1 விகாரம் தென்னிந்தியக் குடும்பங்களிலும் காணப்பட்டுள்ளது. குச்சவெளியின் எந்த வீட்டிலும், எந்த மதத்தினரிடையும் இது தோன்றலாம்.

சூழலே மனிதரை உருவாக்குகின்றது. பரம்பரை பற்றிய பேச்சுப் பிற்போக்கானது என்பது இரண்டாவது. இத்தவறான எண்ணத்திற்குச் சோவியத் நாடு பெருவிலை கொடுத்தது. லைசென்கோவின் செல்வாக்கினாற் பிறப்புரிமையியல் 1948இல் அங்கு தடைப்பட்டது. அதற்கு முன்னரே, 1943இல், வவிலோவ் சிறையில் மாண்டார். இதற்கு மாறான உதாரணமாகப் பிரித்தானியப் பொதுவுடைமையாளராய் விளங்கிய பிறப்புரிமையியலாளர் ஜே. பி. எஸ். ஹோல்டேனைக் கூறலாம். 1957இல் இந்தியாவிற்குக் குடிபெயர்ந்த அவர், தம் பெருங்குடலின் கடைப்பகுதியிலே புற்றுநோய் கண்டபோது அதனைப் பற்றி 1964இல் வெளிப்படையாகவே நகைச்சுவைக் கவிதையொன்று எழுதி வெளியிட்டார். வெட்கத்தினால் வைத்தியரிடம் போகத் தாமதிப்போரைத் தூண்டுவதே அதன் நோக்கம். அவ்வாண்டு டிசெம்பரிலே புவனேசுவரத்தில் அவர் காலமானார். நோயின் பெயரை உரக்கச் சொல்லுதலே ஒரு சமூகப் பணியாகும் என்பதற்கு அவர் சான்று.

அறியாதிருக்கும் உரிமை என ஒன்றுண்டு என்பதையும் நாம் ஏற்கிறோம். உறவினரிடம் ‘சொல்லத்தக்கது ஒன்றுண்டு’ என்று அறிவிப்பது ஒன்று; விரும்பாதவரைப் பரிசோதனைக்கு இழுப்பது வேறொன்று. முன்னது கடமை, பின்னது வன்முறை.

8

இனி நடைமுறைக்கு வருவோம். முதலில், நோயுற்றவரிடம் விகாரம் உறுதிப்படவேண்டும். அதன் பின்னரே உறவினருக்கான பரிசோதனை எளிதாகவும் குறைந்த செலவிலும் அமையும். ஒரே வழியிலே இருவருக்கு மேற்பட்டோர்க்கு மார்பகம், சூலகம், பெருங்குடல், கருப்பை ஆகியவற்றிற் புற்று வந்திருத்தல், ஐம்பது வயதிற்கு முன் வருதல், ஆணுக்கு மார்பகப் புற்று வருதல் என்பன விசாரிக்க வேண்டிய குறிகள். இரண்டாவது, வம்சப்படத்தை எழுதும்போது உறவுப் பெயரோடு வழியையும் குறிக்கவேண்டும்: ‘மாமி’ என்று மட்டும் எழுதாது ‘அப்பாவின் கூடப்பிறந்த தங்கை’ என்று எழுதுதல் வேண்டும். மூன்றாவது, உடன்பிறந்தார், வயதுவந்த பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு முதலிலும், பின் அவரவர் வழியினருக்கும் சொல்லவேண்டும், ஆண்களை விட்டுவிடலாகாது. வயதுவந்தபின் தோன்றும் இந்நோய்களுக்காகச் சிறுவரைப் பரிசோதிப்பது வழக்கமன்று. அவர்கள் வளர்ந்து தாமே தீர்மானிப்பர். நான்காவது, மணப்பேச்சின் நடுவிலோ சாவீட்டிலோ சொல்லாது, தனித்து, எழுத்திலும் சொல்லவேண்டும். எமது உதாரணப் பெண் தன் மாமிக்கு இவ்வாறு எழுதலாம்:

“அன்புள்ள மாமி, எனக்கு வந்த புற்றுநோய் எங்கள் குடும்பத்திலே பரம்பரையாக வரக்கூடியது என்று சோதனையிலே தெரிய வந்திருக்கிறது. அது அப்பா வழியில் வந்ததா, அம்மா வழியில் வந்ததா என்று இன்னும் தெரியவில்லை. உங்களுக்கு வருத்தம் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. இருக்கிறதா என்று பார்க்கலாம் என்பதற்காகவே எழுதுகிறேன். அப்பம்மா என்ன வருத்தத்தால் இறந்தா என்று உங்களுக்கு நினைவிருந்தால் சொல்லுங்கள். சோதனை அறிக்கையின் பிரதியை அனுப்புகிறேன். அங்குள்ள வைத்தியரிடம் காட்டுங்கள். செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.”

இம்மடல் அச்சுறுத்துவதுமில்லை, மறைப்பதுமில்லை. கேட்பவருக்கு ஒரு கேள்வியையும் ஒரு வழியையும் தருகின்றது.

சொல்வதன் பின் செய்யத்தக்கது உண்டு என்பதாலேயே சொல்லுதல் பொருளுடையதாகின்றது. விகாரமுள்ள பெண்கள் இளவயதிலேயே மார்பகக் கண்காணிப்பைத் தொடங்கலாம். பிள்ளைப்பேறு முடிந்தபின், ஏறத்தாழ 35 முதல் 45 வயதிற்குள், விகாரத்தின் வகைக்கேற்பச் சூலகங்களையும் சூலகக் குழாய்களையும் அகற்றுவது சூலகப் புற்றின் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கும். லிஞ்ச் தொகுதியுடையோர் குறித்த கால இடைவெளியிலே குடல் உள்நோக்கல் செய்துகொள்வதாற் கட்டிகளைத் தொடக்கத்திலேயே அகற்றலாம். நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அஸ்பிரின் ஏறத்தாழ ஈராண்டு உட்கொண்டமை அவர்களிடையே பெருங்குடற் புற்றை நீண்டகாலத்திற் குறைத்தது என 2020இல் வெளியான தொடராய்வு காட்டிற்று. இது வைத்தியரின் ஆலோசனையோடு மட்டுமே மேற்கொள்ளத்தக்கது.

இலங்கையிற் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008இலேயே இந்நாட்டு நோயாளரிடமும் நோய்வாய்ப்புள்ள உறவினரிடமும் பி.ஆர்.சி.ஏ.1 பரம்பரையலகை ஆராய்ந்து வெளியிட்டனர். தமிழ்நாட்டிலே, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் பரம்பரைப் புற்றுநோய்க்கான ஆலோசனையை நடத்துகின்றது. எனினும் இப்பரிசோதனை எமது இலவச வைத்திய சேவையின் அன்றாட அங்கமாக இன்னும் ஆகவில்லை. மகரகமவிற்குச் செல்லும் நீண்ட பயணமும் பல நாட் கூலியிழப்பும் கரைவலை இழுப்பவரின் குடும்பத்திற்குப் பெருஞ்சுமை. 1996 முதல் நாடெங்கும் இயங்கும் பெண்கள் நலக் கிளினிக்குகளும், வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாதும் எமக்குள்ள பெரும்பலம். குடும்பநல மாது வைத்திருக்கும் பதிவிலே இருவழிப் புற்றுநோய் வரலாற்றிற்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்படுமாயின், முதற்படி அதிக செலவின்றியே எடுத்துவைக்கப்பட்டதாகும். பரிசோதனையும் ஆலோசனையும் மாவட்ட வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்பது அடுத்த கோரிக்கை. வழியில்லாதவரிடம் அபாயத்தை மட்டும் சொல்லி விடுவது நீதியாகாது.

9

முதுசச் சொத்துக்காக உறவினர் நீதிமன்ற வாசல்களிலே ஆண்டுக்கணக்காக நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். காணியின் எல்லையும் உறுதியின் திகதியும் பிழையின்றி நினைவுகூரப்படுகின்றன. ஆனால் அப்பம்மா எந்நோயால் மாண்டார் என்பது அதே குடும்பத்தில் எவருக்கும் நினைவில்லை. சொத்தின் நினைவு உறுதியாகவும் உடலின் நினைவு மங்கலாகவும் இருப்பது தனியுடைமைச் சமூகத்தின் இயல்பேயன்றி மனித இயல்பன்று. ஆன் ஆபரின் தையற்காரி தன் உறவினரின் சாவுகளை மறவாது எண்ணி வைத்திருந்தாள். அவ்வெண்ணிக்கையாற் பின்வந்தோர் பலர் தம் ஆபத்தை அறிய முடிந்தது. குச்சவெளியிலிருந்து தமிழ்நாட்டு முகாமிற்குச் செல்லும் ஒரு மடல் அதே பணியைச் செய்யக்கூடும். அதனை எழுதும் பெண் தனித்து விடப்படாதிருக்கச் செய்வது எம் அனைவரின் கடமையாகும்.